அரை டிகிரிக்கு ஏன் இவ்வளவு அலட்டல்?

சென்ற மாதம் ஒரு வாசகருக்கு எழுதிய பதிலில், அணு உலையின் பாதுகாப்பு அமைப்பில் இருக்கும் வெப்பமானி அரை டிகிரி தவறினாலும் அது பெரிய விஷயம்தான் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் கேள்வி அனுப்புவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அணுமின் நிலையம் ஒன்றில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இதைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு உற்சாகம் வந்துவிடும். ஆகவே இந்த மாதம் மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும். பக்கம் முழுக்க வெப்பமானிதான்.

கேள்வி: உலைக்குள் முந்நூறு டிகிரிக்கு மேல் சூடு இருக்கும்போது அரை டிகிரி கூடினால் என்ன, குறைந்தால் என்ன? – பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

அழுத்த நீர் உலையை, அதாவது நீரை மிகுந்த அழுத்தத்தில் வைத்துக் கொதிக்கவிடாமல் சூடாக்கும் உலையை, எடுத்துக்கொள்வோம். உலகில் ஓடும் உலைகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். உலைக்குள் நுழையும் நீரின் வெப்பம் சுமார் 290 டிகிரி செல்சியஸ். வெளியே வரும்போது சுமார் 325. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள 35 டிகிரிதான் உலை நீருக்குக் கொடுத்த சூடு. உலை எவ்வளவு திறனில் ஓடுகிறது என்று இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பாதுகாப்பு அமைப்பு கணக்குப் போடுகிறது. 35 டிகிரி என்பது நூறு சதவீதம் என்றால், ஒரு டிகிரித் தவறு கிட்டத்தட்ட மூன்று சதவீதத் தவறு. 325-க்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு டிகிரி சின்னதாகத் தெரியும். 35-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சின்னதாகத் தெரியாது.

வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி வடிவமைத்த உலைகளில் இந்த வித்தியாசம் ஓர் எல்லையைத் தாண்டினால், அணுப்பிளவை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகள் தானாக விழுந்து உலை நின்றுவிடும். அந்த எல்லையும் ஒரே இடத்தில் நிற்பதல்ல. அழுத்தத்தையும் நீரின் சராசரி வெப்பத்தையும் பார்த்து அது நொடிக்கு நொடி நகரும். சராசரியைக் கணக்கிடுவதும் அதே வெப்பமானிகளை வைத்துத்தான். அதாவது ஒரு வெப்பமானி தவறினால் அந்தத் தவறு கணக்குக்குள் இரண்டு வழியாக நுழைகிறது.

எந்தப் பக்கம் தவறுகிறது என்பதும் முக்கியம். வெளியேறும் நீரின் வெப்பமானி கூடுதலாகக் காட்டினால் உலை வீணாக நிற்கும். மின்சாரம் நஷ்டம், பணம் நஷ்டம், ஆபத்தில்லை. குறைவாகக் காட்டினால்தான் வினை. உலை நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காது. இன்ஸ்ட்ருமென்ட் ஆட்கள் ஒரு வெப்பமானியைப் பற்றிப் பேசும்போது முதலில் கேட்பது ‘எவ்வளவு தப்பு’ என்றல்ல, ‘எந்தப் பக்கம்’ என்றுதான்.

கேள்வி: அங்கே என்ன வகை வெப்பமானி வைக்கிறார்கள்? பாதரசமா? – வாசகர், கரூர்

இல்லை. பிளாட்டினக் கம்பி. சூடு ஏற ஏற உலோகத்தின் மின்தடை கூடும். பிளாட்டினத்தில் அது ஒழுங்காகவும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியாகவும் கூடும். 1871-லேயே வில்லியம் சீமென்ஸ் இதைச் சொல்லிவிட்டார். 1880-களில் காலண்டர் என்ற இயற்பியலாளர் அதை நம்பகமான வெப்பமானியாக ஆக்கிக் காட்டினார். இதற்குத் தொழிலில் ஆர்டிடி என்று பெயர். ஆலைகளில் அதிகம் பயன்படும் வகை 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம், 300 டிகிரியில் 212 ஓம் காட்டும். அமெரிக்க அணு உலைகளில் 0 டிகிரியில் 200 ஓம் காட்டும் வகையே அதிகம்.

முடியைப் போன்ற மெல்லிய கம்பி. உலோக உறைக்குள் வைத்து, அந்த உறையையும் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ‘தெர்மோவெல்’ என்ற தடித்த உலோகக் கூட்டுக்குள் செருகி வைப்பார்கள். அழுத்தத்தைக் கூடு தாங்கிக்கொள்ளும். கம்பி சூட்டை மட்டும் பார்க்கும்.

கேள்வி: பிளாட்டினம் துருப்பிடிக்காத உலோகம். அது எப்படித் தவறாகக் காட்டும்? – பாலிடெக்னிக் மாணவர், நாகர்கோவில்

நல்ல கேள்வி தம்பி. பிளாட்டினத்தின் மேல் பழி போடுவதற்கு முன்னால் அதைச் சுற்றி இருப்பதைப் பார்க்க வேண்டும்.

கம்பியிலேயே வரும் கோளாறு உண்டு. உலை சூடாவதும் ஆறுவதும் மாறி மாறி நடக்கும். குளிர்நீர்ப் பம்புகள் ஓடும்போது குழாய் அதிரும். இதில் கம்பிக்குள் இறுக்கம் ஏறினால் தடை கொஞ்சம் கூடும். உறை உலோகத்திலிருந்து அயல் அணுக்கள் ஆவியாகி பிளாட்டினத்தில் கலந்தாலும் தடை மாறும். இவையெல்லாம் மெதுவாக நடப்பவை.

என் அனுபவத்தில் அதிகம் தொந்தரவு கொடுத்தது ஈரம்தான். கம்பிக்கும் உறைக்கும் நடுவில் மக்னீசியம் ஆக்சைடு பொடியைக் காப்பாக அடைத்திருப்பார்கள். அது ஈரத்தைக் கண்டால் உறிஞ்சிக்கொள்ளும். வெப்பமானியின் தலைப்பகுதியில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. வயர்கள் அங்கேதான் சேரும். அதன் மூடிக்குள் இருக்கும் கேஸ்கெட் கெட்டுப்போயிருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். மூடியைத் திருகிக் கழற்றினால் டெர்மினல் திருகுகளில் பச்சை பூத்திருக்கும், மூடியின் உள்பக்கம் வேர்த்திருக்கும். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விடை கிடைத்துவிடும். மீதி விடைக்குக் காப்புத் தடையை அளக்க வேண்டும். அதற்கும் நூறு வோல்ட் போதும். மோட்டாரின் காப்பை அளக்க அதிக வோல்ட் கொடுக்கும் பெரிய மெக்கரைக் கொண்டுபோய் இந்த மெல்லிய கம்பியில் வைக்கக் கூடாது.

ஈரம் ஏறினால் என்ன ஆகும்? கம்பி வழியாகப் போக வேண்டிய மின்னோட்டத்தில் கொஞ்சம் ஈரம் வழியாகக் குறுக்கே கசியும். தடை குறைந்த மாதிரி தெரியும். கணக்கைப் பாருங்கள்: 300 டிகிரியில் 212 ஓம் காட்டும் ஆர்டிடியின் காப்புத் தடை ஒரு லட்சம் ஓமுக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அளவில் 0.45 ஓம் குறையும். டிகிரியில் சொன்னால் 1.2-க்கும் கொஞ்சம் அதிகம். ஒரு லட்சம் ஓம் என்பது கேட்பதற்குப் பெரிய தடைதான், ஆனால் இந்த வேலைக்குப் போதாது. அதோடு, இந்தத் தவறு குறைவாகக் காட்டும் பக்கம் போகிறது. முதல் பதிலில் வினை என்று சொன்னேனே, அதே பக்கம்.

வயர் அறுந்துபோனால் எனக்கு அவ்வளவு கவலை வராது. அறுந்தால் தடை எல்லையில்லாமல் ஏறும், மீட்டர் உச்சியில் போய் ஒட்டிக்கொள்ளும், அலாரம் அடிக்கும், ஐந்தே நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு டிகிரி குறைத்துச் சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் சாதுவாக இருக்கிறதே, அதைத்தான் தேடிப்பிடிக்க வேண்டும்.

கேள்வி: ஒவ்வொன்றையும் கழற்றிக்கொண்டுபோய் ஐஸ் தண்ணீரில் வைத்துச் சோதிப்பார்களா? – வாசகர், விழுப்புரம்

புதிதாக வரும்போது ஆய்வகத்தில் சோதிப்பார்கள். நீரின் மும்மைப் புள்ளி (பனியும் நீரும் ஆவியும் சேர்ந்திருக்கும் வெப்பம்) 0.01 டிகிரி, வெள்ளீயம் உறையும் புள்ளி 231.928, துத்தநாகம் உறையும் புள்ளி 419.527 என்று உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட புள்ளிகள் இருக்கின்றன. ஆய்வகத்தின் மூல வெப்பமானி இவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அதோடு புதிய ஆர்டிடியை எண்ணெய்த் தொட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள்.

உலையில் பொருத்திய பிறகு கழற்றுவது சுலபமில்லை. அங்கே கதிர்வீச்சு உண்டு; ஒரு ஆள் நின்று வேலை செய்யும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கு உண்டு. கழற்றி மாட்டும்போது அடிபட்டு, நல்லது கெட்டுப்போவதும் உண்டு. அதனால் இருந்த இடத்திலேயே ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுகிறார்கள். எரிபொருள் மாற்றிவிட்டு உலையை மறுபடி தொடங்கும்போது, அணுப்பிளவு தொடங்குவதற்கு முன்பே, பெரிய குளிர்நீர்ப் பம்புகள் சுழலும் சூட்டிலேயே நீர் 290 டிகிரி வரை ஏறும். அப்போது உள்ளே போகும் குழாயும் வெளியே வரும் குழாயும் ஒரே வெப்பத்தில் இருக்கும். அந்த நேரத்தில் நீரை நிலையாக வைத்து எல்லா ஆர்டிடிகளையும் ஒரே சமயத்தில் அளப்பார்கள். எல்லாம் ஒரே எண்ணைத்தான் காட்ட வேண்டும். சராசரியிலிருந்து விலகி நிற்பது எதுவோ அது சந்தேகத்துக்குரியது. இதே மாதிரி பல வெப்பநிலைகளில் நிறுத்தி அளந்தால், விலகியதற்கு உரிய திருத்தத்தையும் கணக்கிட்டுவிடலாம்.

இதில் ஓர் ஓட்டை உண்டு. வீட்டில் இருக்கும் நாலு கடிகாரமும் ஒரே நேரம் காட்டினால் சரியான நேரம் என்றுதான் நினைப்போம். நாலுமே ஐந்து நிமிடம் பின்தங்கியிருந்தால் பஸ் போய்விடும். ஒரே கம்பெனி, ஒரே வருடம், ஒரே சூட்டில் வேலை செய்த ஆர்டிடிகள் எல்லாம் ஒரே பக்கம் நகர்ந்தால் சராசரியும் கூடவே நகரும். இதைப் பிடிக்க ஒரே வழிதான்: ஒன்றையாவது எடுத்துவிட்டு, ஆய்வகத்திலிருந்து சான்றோடு வந்த புதியதை மாட்டி, மற்றவற்றை அதோடு ஒப்பிட வேண்டும். நான்கு வெப்பமானி வைத்து அதில் இரண்டு சொன்னால் உலையை நிறுத்து என்று வாக்கெடுப்பு முறை வைத்திருக்கிறார்களே, அது போதாதா என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். ஒன்று செத்தால் அந்த முறை காப்பாற்றும். எல்லாம் சேர்ந்து நகர்ந்தால் காப்பாற்றாது.

கேள்வி: எண்ணைச் சரியாகக் காட்டினால் வெப்பமானி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்தானே? – வாசகி, கோயம்புத்தூர்

இல்லையம்மா. தாமதமாகச் சரியாகக் காட்டினாலும் தவறுதான். உலையில் சூடு திடீரென ஏறினால் கூட்டுக்குள் இருக்கும் ஆர்டிடிக்கு அது தெரியச் சில நொடிகள் ஆகும். நான்கைந்து நொடி என்று வடிவமைப்பில் கணக்கு வைத்திருப்பார்கள். ஆர்டிடியின் நுனி கூட்டின் அடியைத் தொடாமல் ஒரு மயிரிழை மேலே நின்றால், அல்லது சூட்டைக் கடத்துவதற்காக அடியில் பூசிய பசை காய்ந்துவிட்டால், நடுவில் காற்று வந்துவிடும். நிலையான வெப்பத்தில் எண் அப்படியே சரியாக இருக்கும். மாறும்போது மட்டும் பின்தங்கும். காலிப்ரேஷன், அதாவது சரியான அளவோடு ஒப்பிட்டுத் திருத்துவது, எத்தனை தடவை செய்தாலும் இது பிடிபடாது.

1970-களில் அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்திலும் டென்னசி பல்கலைக்கழகத்திலும் இதற்கு ஓர் அழகான வழி கண்டுபிடித்தார்கள். உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே, கட்டுப்பாட்டு அறைப் பக்கம் இருக்கும் கேபினெட்டிலிருந்து அந்த ஆர்டிடிக்குள் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். கம்பி சில டிகிரி சூடாகும். எவ்வளவு வேகமாக அந்தச் சூட்டை நீரிடம் விடுகிறது என்று பார்த்தால், நீரின் சூட்டை எவ்வளவு வேகமாக வாங்கும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். யாரும் உலைப் பக்கம் போக வேண்டியதில்லை. இந்தச் சோதனையின் வளைகோட்டை நான் முதலில் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

கேள்வி: உலை 330 டிகிரியில் தானாக நின்றுவிட வேண்டும் என்றால் 330-இல் நிற்கும்படிதானே வைப்பார்கள்? – வாசகர், சேலம்

வைக்க மாட்டார்கள். (330 என்பது நீங்கள் உதாரணத்துக்குச் சொன்ன எண், அப்படியே வைத்துக்கொள்கிறேன்.) பாதுகாப்பு ஆய்வில் 330-ஐத் தாண்டவே கூடாது என்று வந்தால், அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். வெப்பமானியின் பிழை, கேபிளின் பிழை, மின்னணு அட்டைகளின் பிழை, சோதிக்கும் கருவியின் பிழை, அடுத்த காலிப்ரேஷன் வரை எவ்வளவு நகரலாம் என்பது. இவற்றைப் புள்ளியியல் முறையில் சேர்த்துக் கழித்த பிறகு வரும் எண்ணில்தான் வைப்பார்கள்.

கடைசியாகச் சொன்னது, எவ்வளவு நகரலாம் என்பது, எங்கிருந்து வருகிறது? பழைய காலிப்ரேஷன் பதிவுகளிலிருந்து. இங்கேதான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலிப்ரேஷன் தாளில் இரண்டு பத்திகள் உண்டு: திறந்து பார்த்தபோது இருந்தது, மூடும்போது விட்டது. டெக்னீஷியன் திருகைத் தொடுவதற்கு முன்னால் முதல் பத்தியை எழுதியிருக்க வேண்டும். முதலில் திருகைத் திருப்பிச் சரிசெய்துவிட்டு, அப்புறம் இரண்டு பத்தியிலும் நல்ல எண்ணாக எழுதினால், கருவி அன்றைக்குச் சரியாகிவிடும். ஆனால் போன காலிப்ரேஷனுக்குப் பிறகு பதினெட்டு மாதமாக அது எப்படி இருந்தது என்ற சாட்சி போய்விட்டது. அந்தச் சாட்சியை வைத்துத்தான் அடுத்த பதினெட்டு மாதத்துக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறார்கள். புதிதாக வரும் பையன்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: கெட்ட எண்ணை எழுத வெட்கப்படாதே, அது உன் மார்க் இல்லை, கருவியின் மார்க். ‘திறந்தபோது’ பத்தியில் எல்லாமே ஒரே மாதிரி அழகாக இருக்கும் தாளைக் கண்டால் கையெழுத்துப் போடுவதற்கு முன் நான் ஆளைக் கூப்பிட்டுப் பேசுவேன்.

கேள்வி: வெப்பமானிக் கோளாறால் உண்மையிலேயே அணு விபத்து நடந்திருக்கிறதா? – வங்கி ஊழியர், திருச்சி

வெப்பமானியால் தொடங்கிய விபத்து என்று சொல்ல முடியாது. வெப்பமானி சொன்னதைப் படிக்க முடியாமலும் நம்ப முடியாமலும் வளர்ந்த விபத்து உண்டு. 1979 மார்ச் 28, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், ஹாரிஸ்பர்க் ஊருக்குப் பக்கத்தில் த்ரீ மைல் ஐலண்ட் நிலையத்தின் இரண்டாவது அலகு. அதிகாலை நான்கு மணி. நீராவி ஆக்கிகளுக்கு நீர் அனுப்பும் பம்புகள் நின்றன; அழுத்தம் ஏறியது; அதைக் குறைக்க ஒரு வால்வு திறந்தது. மூட வேண்டிய அந்த வால்வு மூடாமல் மாட்டிக்கொண்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உலையின் நீர் அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. பேனலில் இருந்த விளக்கோ, வால்வுக்கு ‘மூடு’ என்ற உத்தரவு போனதை மட்டும் காட்டியது. மூடியதா என்று காட்டவில்லை. இவ்வளவும் பலர் எழுதியதுதான். வெப்பமானிகளின் கதையைத் தனியாகச் சொல்கிறேன்.

முதலாவது, அந்த வால்வுக்கு அப்பால் உள்ள குழாயில் இருந்த வெப்பமானி. அது சுமார் 140 டிகிரி காட்டியது. வால்வு திறந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் அந்த வழியில் முன்பிருந்தே கசிவு இருந்ததால் குழாய் எப்போதும் சூடாகவே இருந்துவந்தது. ஆட்களுக்கு அது பழகிப்போயிருந்தது. கோளாறோடு வாழப் பழகிவிட்ட கருவி, தேவைப்படும் அன்று பேசினாலும் யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது, உலையிலிருந்து வெளியே வரும் குழாயிலும் உள்ளே போகும் குழாயிலும் இருந்த ஆர்டிடிகள். அவற்றின் அளவெல்லை 520 முதல் 620 டிகிரி பாரன்ஹீட், அதாவது 271 முதல் 327 செல்சியஸ் வரைதான். வெளிவரும் பக்கம் சூடு எல்லையைத் தாண்டி மேலே போனது. மீட்டர் 620-இல் ஒட்டிக்கொண்டது. உள்ளே போகும் பக்கம் எல்லைக்குக் கீழே இறங்கியது. மீட்டர் 520-இல் நின்றது. சராசரி காட்டும் கருவி இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 570 என்று காட்டியது. 570 அசையாமல் நின்றது. உலையின் மையம் வறண்டுகொண்டிருந்தபோது கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் கண்முன்னால் நிம்மதியான, நிலையான ஒரு சராசரி. அந்தக் கருவியில் காலிப்ரேஷன் பிழை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு பொய்யான எண்களுக்குச் சரியான சராசரி அது. அப்போது அழுத்தம் வழக்கமானதில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அந்த அழுத்தத்தில் நீர் 285 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். வெளிவரும் குழாய் 327-ஐத் தாண்டிவிட்டது என்றால் அங்கே இருப்பது நீர் அல்ல, அதிகச் சூடேறிய நீராவி. அழுத்தத்தையும் வெப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் காட்டும் மீட்டர் அன்றைக்கு அங்கே இல்லை.

மூன்றாவதுதான் என்னை இன்றைக்கும் வருத்துவது. எரிபொருளுக்கு நேர் மேலே 52 தெர்மோகப்பிள்கள் இருந்தன. இரண்டு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் இணைத்த வெப்பமானிகள். சூட்டுக்கு ஏற்ப மில்லிவோல்ட் கொடுக்கும். பாதுகாப்புக்காக வைத்தவை அல்ல அவை, உலையின் செயல்பாட்டைப் பார்ப்பதற்கு வைத்தவை. 700 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் போனால் கணினி எண்ணுக்குப் பதில் கேள்விக்குறிகளை அச்சடிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. அன்று காலை கேள்விக்குறிகளாக வந்தன. அப்போது இன்ஸ்ட்ருமென்ட் ஆட்கள் சிலர் கேபிள் வந்து முடியும் இடத்துக்குப் போய், கையால் வோல்ட்மீட்டர் வைத்து அளந்தார்கள். சில அளவுகள் மிகக் குறைவாக வந்தன. சில 2,000 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது 1,100 செல்சியஸுக்கு மேல். எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஆகவே இவை நம்பத் தகுந்தவை அல்ல என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அந்த உயர்ந்த எண்கள் உண்மை. உலையின் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகியது என்பது பல வருடம் கழித்து, உள்ளே கேமரா இறக்கி எரிபொருளை எடுக்கத் தொடங்கிய பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. வோல்ட்மீட்டர் பிடித்த அந்த டெக்னீஷியன்கள் செய்தது சரியான வேலை. அவர்கள் கொண்டுவந்த எண்ணை நம்புவதற்கான ஏற்பாடுதான் அந்த நிலையத்தில் இல்லை. அந்தத் தெர்மோகப்பிள் எவ்வளவு சூடு வரை சரியாகக் காட்டும், எந்த அளவுக்குச் சோதித்திருக்கிறோம், கெட்டால் எப்படிக் கெடும் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தால், ‘2,000 என்கிறதா? அப்படியானால் 2,000தான்’ என்று ஒருவராவது அடித்துச் சொல்லியிருப்பார். காலிப்ரேஷன் எதற்கு என்று யாராவது என்னைக் கேட்டால் நான் இந்த நிகழ்ச்சியைத்தான் சொல்வேன். எண் நம்ப முடியாததாக இருக்கும் நாளில் அதை நம்ப ஒரு காரணம் கையில் இருக்க வேண்டும்.

அதிபர் கார்ட்டர், ஜான் கெமெனி தலைமையில் அமைத்த விசாரணைக் குழு இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தது. பிறகு அமெரிக்காவில் விதிகள் மாறின. எரிபொருளுக்கு மேலே உள்ள தெர்மோகப்பிள்கள் சுமார் 1,260 டிகிரி செல்சியஸ் வரை காட்ட வேண்டும், விபத்துச் சூழலைத் தாங்க வேண்டும், கொதிநிலைக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைத் தனி மீட்டர் காட்ட வேண்டும் என்று வந்தது.

கேள்வி: எதிர்ப்பக்கமாக, வெப்பமானி இல்லாத சூட்டைக் காட்டிப் பயமுறுத்தியது உண்டா? – வாசகர், புதுச்சேரி

உண்டு. ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையம். 2011 மார்ச் விபத்துக்குப் பிறகு, அந்த டிசம்பர் 16-இல் உலைகள் குளிர்ந்து நிற்கும் நிலைக்கு வந்துவிட்டன என்று அரசு அறிவித்தது. உலைக்கலத்தின் அடிப்பகுதி 100 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அதற்கு ஒரு நிபந்தனை. வெப்பமானியின் பிழைக்கு 20 டிகிரி ஒதுக்கி, 80-ஐத் தாண்டக் கூடாது என்று வைத்திருந்தார்கள். 2012 பிப்ரவரியில் இரண்டாவது உலையின் அடியில் இருந்த ஒரு வெப்பமானி ஏறத் தொடங்கியது, 80-ஐத் தாண்டியது. அதே மட்டத்தில் இருந்த மற்றவை 35 டிகிரி அளவில் இருந்தன.

அவர்கள் செய்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. வெப்பமானி பொய் சொல்கிறது என்று முதலிலேயே முடிவுகட்டவில்லை. உண்மை என்றே எடுத்துக்கொண்டு நீரை அதிகமாகச் செலுத்தினார்கள், அணுப்பிளவை அடக்கும் போரிக் அமிலம் கலந்தார்கள், உள்ளே அணுப்பிளவு மறுபடி தொடங்கியிருந்தால் வரும் செனான் வாயு இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. அப்புறம் கருவியின் மின்தடையை அளந்து, அது கெட்டுவிட்டது என்று அறிவித்தார்கள். நீரிலும் ஆவியிலும் சூட்டிலும் மாதக்கணக்கில் கிடந்த கருவி, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கும் வெப்பமானிகளை மட்டும் நம்பி இருக்க முடியாது என்று புரிந்து, அந்த அக்டோபரில் ஒரு மெல்லிய குழாய் வழியாகப் புதிய வெப்பமானி ஒன்றை உள்ளே செலுத்தினார்கள்.

கேள்வி: கூடங்குளத்திலும் கல்பாக்கத்திலும் இதே கருவிகள்தானா? – இல்லத்தரசி, வள்ளியூர்

கூடங்குளத்தில் இருப்பதும் அழுத்த நீர் உலைதான்; ரஷ்ய வடிவமைப்பு. உள்ளே போகும் நீர் சுமார் 291, வெளிவருவது சுமார் 321. வித்தியாசம் 30 டிகிரி. முதல் பதிலில் சொன்ன கணக்கு அங்கே இன்னும் கொஞ்சம் கறாராகப் பொருந்தும். கல்பாக்கத்தின் வேக ஈனுலையில் நீருக்குப் பதில் திரவ சோடியம். வெளிவரும்போது 547 டிகிரி. அங்கே எரிபொருள் தொகுப்புகளுக்கு மேலே தெர்மோகப்பிள்கள் இருக்கும். ஒரு தொகுப்பில் சோடியம் அடைபட்டால் அதன் வெளிவாயில் மட்டும் சூடு ஏறும், அதைப் பிடிக்கத்தான். ஓட்டம் அடைபடும்போது தகவல் சீக்கிரம் வர வேண்டும் என்பதால் அங்கே வேகத்துக்கு மரியாதை அதிகம்.

கேள்வி: நான் அணுவும் இல்லை, உலையும் இல்லை. திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். பாலியஸ்டர் சாயமிடும் மெஷினில் புது ஆர்டிடி மாட்டினோம். 130 டிகிரியில் கையில் இருக்கும் நல்ல வெப்பமானியைவிட 3 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. ஆர்டிடியை மாற்றியும் அதே 3 டிகிரி. என்ன செய்வது?

ஆர்டிடியை மாற்றியும் அதே 3 டிகிரி என்கிறீர்கள். அப்படியானால் ஆர்டிடி நிரபராதி, வயரைப் பாருங்கள். அந்தச் சூட்டில் 3 டிகிரி என்றால் சுமார் 1.1 ஓம். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போக 16 மீட்டர், வர 16 மீட்டர் ஓடினால் அவ்வளவு தடை வரும். மெஷினிலிருந்து பேனல் வரை கேபிள் எவ்வளவு நீளம் என்று அளந்து பாருங்கள், ஏறக்குறைய 16 மீட்டர் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆர்டிடியிலிருந்து இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை என்று மூன்று வயர் வரும். மூன்றாவது வயர் அந்த 1.1 ஓமைக் கழிப்பதற்காகவே இருக்கிறது. நடுவில் யாரோ இரண்டு வயர் கேபிளை இழுத்துவிட்டு, கன்ட்ரோலர் பக்கம் இரண்டு டெர்மினலையும் சின்ன வயர்த் துண்டால் இணைத்திருப்பார்கள். அந்தத் துண்டை எடுத்துவிட்டு மூன்று கோர் கேபிளை முழு தூரத்துக்கும் போடுங்கள். மூன்று கோரும் ஒரே தடிமனாக இருக்கட்டும். கன்ட்ரோலர் மெனுவில் போய் மூன்று டிகிரியைக் கழித்து வைத்துவிடலாம் என்று உங்கள் எலக்ட்ரீஷியன் சொல்வார். வேண்டாம். பட்டறையின் சூட்டில் கேபிளின் தடை மாறும்போது அந்த மூன்றும் மாறும். மாற்றுவதற்கு முன்னால் இப்போது காட்டும் எண்ணை, நல்ல வெப்பமானியின் எண்ணோடு சேர்த்து, தேதி போட்டு எழுதிவைத்துவிடுங்கள். கேபிள் போட்ட பிறகும் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் மிச்சமிருந்தால் அந்தத் தாளோடு எனக்கு எழுதுங்கள், அடுத்து டெர்மினல் திருகுகளைப் பார்ப்போம்.